யார் சொன்னது? எப்போது சொன்னது? எதை வைத்துச் சொன்னது?



உங்கள் கடைக்கு ஒரு லோடு சரக்கு வந்து இறங்குகிறது. டிரைவர் நீட்டும் பில்லில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவீர்களா? மாட்டீர்கள். மூட்டைகளை எண்ணுவீர்கள். ஒன்றிரண்டை எடை போடுவீர்கள். ஒரு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளி முகர்ந்தும் பார்ப்பீர்கள். கல்லாவுக்கு வரும் 500 ரூபாய் நோட்டைக் கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளே போடுகிறீர்கள்.

ஆனால் சரித்திரம் என்ற பெயரில் எவர் எதைக் கொண்டு வந்து கொட்டினாலும் எண்ணாமல், எடை போடாமல் வாங்கிக் கொள்கிறோமே, இது என்ன நியாயம்? மேடையில் ஒருவர் முழங்கினார், நம்பினோம். துண்டுப் பிரசுரத்தில் வந்தது, நம்பினோம். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது, படித்து முடிக்கும் முன்பே பத்துப் பேருக்கு அனுப்பி வைக்கிறோம். யார் சொன்னது? எப்போது சொன்னது? எதை வைத்துச் சொன்னது? இந்த மூன்று கேள்விகளை ஒருவரும் கேட்பதில்லை.

நம் காதுக்கு வந்து சேரும் சரித்திரச் செய்திகள் இரண்டு வகை. ஒன்று, நம்மை இழித்துச் சொல்வது. மற்றொன்று, நம்மை ஏற்றிச் சொல்வது. முதல் வகையைக் கேட்டால் இரத்தம் கொதிக்கிறது. இரண்டாவது வகையைக் கேட்டால் நெஞ்சு நிமிர்கிறது. கொதிப்பும் அறிவு அல்ல, நிமிர்வும் அறிவு அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தராசைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், பழைய ஏடுகளோடும் கல்வெட்டுகளோடும் வாழ்நாளைக் கழித்த சரித்திர ஆசிரியர்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, கேட்டு, பேசி, விவாதித்து உலக சரித்திரத்தைக் கற்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள். வகைக்கு ஒன்றாக இரண்டு உதாரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

எரித்ததாகச் சொல்லப்படும் நூலகம்

எகிப்து நாட்டின் அலெக்ஸாண்டிரியா நகரம் கி.பி. 642ஆம் ஆண்டு தளபதி அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் கைக்கு வந்தது. அப்போது கலீஃபாவாக இருந்தவர்கள் ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள். அந்த நகரத்தில் உலகப் புகழ் பெற்ற ஒரு நூலகம் இருந்ததாகவும், யஹ்யா என்ற இலக்கண அறிஞர் அந்த நூல்களைத் தமக்குத் தரும்படி அம்ரிடம் வேண்டியதாகவும், அம்ர் அவர்கள் கலீஃபாவுக்கு எழுதிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. அந்த நூல்கள் இறைவேதத்துக்கு ஒத்திருந்தால் அவை தேவையில்லை, முரணாக இருந்தால் அழிக்கப்பட வேண்டியவை என்று கலீஃபா பதில் எழுதினார்களாம். உடனே நகரத்தின் 4,000 ஹம்மாம்களுக்கு நூல்கள் விறகாக அனுப்பப்பட்டு, 6 மாதம் எரிந்தனவாம்.

இந்தக் கதையை நம் இளைஞர்களிடம் யாராவது கல்லூரியில் சொன்னால் என்ன நடக்கிறது? ஒருவர் கோபப்பட்டுக் கூச்சல் போடுகிறார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொள்கிறார். மூன்றாமவர், 'நீங்கள் எரிக்கவில்லையா?' என்று எதிர்த் தரப்பின் மீது வேறொரு கதையை வீசுகிறார். மூவரும் செய்யத் தவறியது ஒன்றே. சரித்திரம் அறிந்தவரிடம் போய்க் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

முதலாவதாக, இதை யார் எப்போது எழுதினார்கள் என்று பார்க்கச் சொல்லியிருப்பார். எகிப்து வெற்றியைப் பற்றித் தனி நூலே எழுதிய இப்னு அப்தில் ஹகம் (இறப்பு 871) இதைச் சொல்லவில்லை. பலாதுரீ (892) சொல்லவில்லை. தபரீ (923) சொல்லவில்லை. சரி, இவர்கள் முஸ்லிம்கள், மறைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெற்றிக்குச் சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய எகிப்தியக் கிறிஸ்தவ ஆயர் நிகியு யோவான் முஸ்லிம் படையைக் கடுமையாகக் குறை சொல்லத் தயங்காதவர். அவரும் இதைச் சொல்லவில்லை. அலெக்ஸாண்டிரியாவின் கிறிஸ்தவத் தலைமை குருவாகவே இருந்து 10ஆம் நூற்றாண்டில் அரபியில் சரித்திரம் எழுதிய யூட்டிக்கியஸும் சொல்லவில்லை. பிறகு இது எப்போது வருகிறது? ஏறத்தாழ 1200ஆம் ஆண்டு வாக்கில் எகிப்துக்கு வந்த அப்துல் லத்தீஃப் அல் பக்தாதியின் நூலில் ஒரு வரிக் குறிப்பாக வருகிறது. 1248இல் இறந்த இப்னுல் கிஃப்தியின் நூலில் முழுக் கதையாக வருகிறது. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையே 550 ஆண்டுகளுக்கு மேல்! நடுவில் அறிவிப்பாளர் எவரும் இல்லை. மத்ரஸாவில் ஓதிய ஒரு சின்னப் பையனிடம் இந்த ஸனதைக் காட்டினாலும் சிரித்துவிடுவான்.

இரண்டாவதாக, ஆளைப் பார்க்கச் சொல்லியிருப்பார். யஹ்யா என்று சொல்லப்படும் அந்த ஜான் ஃபிலோபோனஸ் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அம்ர் (ரலி) அவர்கள் நகருக்குள் நுழைவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டவர். இறந்தவர் எப்படி வந்து நூல் கேட்பார்?

மூன்றாவதாக, கணக்குப் போடச் சொல்லியிருப்பார். வியாபாரிகளே, இது உங்களுக்குக் கை வந்த கலை. 4,000 ஹம்மாம், 180 நாள். பெருக்குங்கள், 7 லட்சத்து 20 ஆயிரம் வரும். ஒரு ஹம்மாமுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு நூல் என்றாலும் 7,20,000 நூல்கள் வேண்டும். அந்த நூலகம் செழிப்பாக இருந்த காலத்தைப் பற்றிப் பழைய ஆசிரியர்கள் மிகைப்படுத்திச் சொன்ன உச்ச எண்ணிக்கையே 7 லட்சம்தான். ஒரு நூலை எரித்து ஒரு நாள் முழுக்க ஒரு ஹம்மாமுக்கு வெந்நீர் போட முடியுமா? நாளைக்கு 20 நூல் என்று வைத்தால் 1 கோடியே 44 லட்சம் நூல்கள் ஆகும். உலகத்தில் எங்கே இருந்தன அத்தனை நூல்கள்?

நான்காவதாக, 642இல் அங்கே எரிப்பதற்கு நூலகம் இருந்ததா என்று கேட்கச் சொல்லியிருப்பார். கி.மு. 48இல் ஜூலியஸ் சீஸரின் போரில் நூல்கள் தீக்கிரையானதாக முஸ்லிம்களுக்கு முந்திய ரோமானிய, கிரேக்க ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். கிளை நூலகம் இருந்த செராப்பியம் கோவிலும் கி.பி. 391 வாக்கில் இடிக்கப்பட்டது.

இத்தனையையும் தோண்டி எடுத்துச் சொன்னவர்கள் யார்? நாமா? 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையைச் சந்தேகித்தவர் எட்வர்ட் கிப்பன் என்ற ஆங்கிலேயர். 1902இல் அரபியர் எகிப்தை வென்ற வரலாற்றை எழுதி, இந்தக் கதையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டவர் ஆல்ஃபிரட் பட்லர் என்ற ஆங்கிலேயர். அவருக்கு முன்பே உருதுவில் இதை மறுத்துத் தனிக் கட்டுரை எழுதினார் நம் அல்லாமா ஷிப்லீ நுஃமானி (ரஹ்). பெர்னார்ட் லூயிஸ் என்ற சரித்திர ஆசிரியரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மேற்கு ஆசிய அரசியலில் அவர் சொன்ன கருத்துகளைப் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். நம் சமுதாயத்தின் நண்பர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். அவரும் 1990இல் இந்தக் கதை பொய் என்று எழுதினார். அறிவு யாரிடம் இருந்தாலும் அறிவுதான். சரித்திரம் கேட்கப் போகும்போது 'இவர் நம்மவரா?' என்று பார்க்காதீர்கள். 'இவரிடம் ஆதாரம் இருக்கிறதா?' என்று பாருங்கள்.

இன்னொரு உண்மையையும் ஜீரணித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையை எதிரிகள் கட்டிவிட்டார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எழுதி வைத்தவர்கள் முஸ்லிம் எழுத்தாளர்களே! அவர்களுக்குப் பிறகுதான் கிறிஸ்தவ அறிஞர் பார் ஹெப்ரேயஸ் அதை எடுத்து எழுதினார். அவருடைய நூல் 1663இல் ஆக்ஸ்ஃபோர்டில் இலத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சானது. ஐரோப்பா அதைப் பிடித்துக்கொண்டது. நம் வீட்டில் ஒருவர் விசாரிக்காமல் எழுதி வைத்த ஒரு பொய், 800 ஆண்டுகளாக நம் தலையிலேயே கல்லாக விழுந்துகொண்டிருக்கிறது. விசாரிக்காமல் எழுதுவதும் பரப்புவதும் எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அதற்காக, 'முஸ்லிம் ஆட்சியாளர் எவரும் நூலை எரித்ததே இல்லை' என்று நாளைக்கே மேடை ஏறிவிடாதீர்கள். 10ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் அதிகாரம் செலுத்திய அல் மன்ஸூர், கலீஃபா இரண்டாம் ஹகமின் மாபெரும் நூலகத்திலிருந்து தத்துவ நூல்களைப் பொறுக்கி எரிக்கச் செய்தார். இதைப் பதிவு செய்தவர் அந்தலூஸின் முஸ்லிம் அறிஞர் ஸாயித். சம்பவத்திலிருந்து நூறாண்டு அளவில், அதே நாட்டில் இருந்து எழுதியவர். ஆதாரம் பலவீனமானதைத் தள்ளுகிற கைதான், ஆதாரம் பலமானதை ஏற்கவும் வேண்டும்.

கைதட்டல் வாங்கும் கதை

இனி நம்மை ஏற்றிச் சொல்லும் வகைக்கு வருவோம். 'இந்தியாவுக்கு வழி கண்டுபிடித்தவன் வாஸ்கோடகாமா அல்ல! அவனுக்கு வழி காட்டிக் கூட்டி வந்தவர் மாபெரும் முஸ்லிம் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித்!' இதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறீர்கள்? கைதட்டல் எழும். தக்பீர் முழக்கம் எழும்.

இப்போது அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

வாஸ்கோடகாமா 1498 ஏப்ரல் மாதம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தி துறைமுகத்தில் ஒரு மாலுமியை ஏற்றிக்கொண்டு, மே மாதம் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தான். இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மாலுமி யார்? பரோஸ் என்ற போர்ச்சுகீசிய சரித்திர ஆசிரியர் 16ஆம் நூற்றாண்டில் எழுதும்போது, அவர் குஜராத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் என்கிறார். 'மலெமோ கானா' என்று பெயர் போல ஒன்றையும் தருகிறார். மலெமோ என்பது முஅல்லிம். நம் தமிழில் 'மாலுமி' என்று சொல்கிறோமே, அதுவும் இந்த அரபுச் சொல்லின் வழி வந்ததுதான். ஆக, அது ஒரு தொழிற்பெயர். இப்னு மாஜிதோ குஜராத்தி அல்லர். அரபு நாட்டின் கீழைக் கரையில், இன்றைய ராஸல் கைமா பக்கத்து ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர்.

அப்படியானால் இப்னு மாஜித் பெயர் எங்கிருந்து வந்தது? 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் அந்நஹ்ரவாலீ என்ற ஆசிரியரின் நூலிலிருந்து வந்தது. அவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? பெருமையாக எழுதவில்லை. போர்ச்சுகீசியர் இப்னு மாஜிதுக்கு மதுவைக் கொடுத்து, அவர் போதையில் வழியைச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறார்! எண்ணிப் பாருங்கள். நாம் எந்தக் கதைக்கு தக்பீர் சொல்கிறோமோ, அதன் மூல நூலில் அது ஒரு பெரிய மனிதர் மீது போட்ட பழி! 20ஆம் நூற்றாண்டில் ஃபெராண்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் குறிப்பைப் பிரபலப்படுத்தினார். அங்கிருந்து அது நம் மேடைக்கு வந்தது. பழியை மட்டும் வழியில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தது.

1971இல் அரபியரின் கடற்பயண நூல்களை ஆராய்ந்து வெளியிட்ட டிப்பெட்ஸ் இந்தச் செய்தியை ஏற்கவில்லை. 1997இல் வாஸ்கோடகாமாவைப் பற்றி விரிவாக எழுதிய சஞ்சய் சுப்ரமணியமும் ஏற்கவில்லை. ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் அல் காஸிமி, இப்னு மாஜித் மீதான இந்தப் பழியைத் துடைப்பதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அரபுலகம் பழி என்று துடைப்பதை நாம் பெருமை என்று பூசிக்கொள்கிறோம்!

இதனால் இப்னு மாஜிதின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை. ஏறத்தாழ 1490இல் அவர் எழுதிய 'கிதாபுல் ஃபவாயித்' இன்றும் இருக்கிறது. நட்சத்திர உயரத்தைக் கொண்டு துறைமுகத்தைக் கணிப்பது, பருவக் காற்றின் தேதிகள், கரை நெருங்குவதற்கான அடையாளங்கள் என்று இந்து சமுத்திரத்தையே உள்ளங்கையில் வைத்துத் தந்தவர் அவர். அந்த மெய்யான பெருமையை விட்டுவிட்டு, பொய்யான ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏன் ஓட வேண்டும்?

இதில் என்ன நஷ்டம், நல்ல விஷயம்தானே என்று சிலர் கேட்பார்கள். வியாபாரி இப்படிக் கேட்கக் கூடாது. கடையில் ஒரே ஒரு முறை கள்ள நோட்டு கைமாறினாலும், அந்தக் கடையின் நல்ல நோட்டையும் வாடிக்கையாளர் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். நம் பையன் கல்லூரியில் இப்னு மாஜித் கதையைச் சொல்லி, ஆசிரியர் அதை ஆதாரத்தோடு மறுத்துவிட்டால், அடுத்து அவன் அலெக்ஸாண்டிரியா பற்றிச் சொல்லும் உண்மையையும் எவரும் நம்ப மாட்டார்கள். இதுதான் நஷ்டம்.

தைமூர் கேட்டான், நாம் கேட்கிறோமா?

சரித்திர ஆசிரியரிடம் உட்கார்ந்து கேட்பது புதிய பழக்கம் அல்ல. 1401ஆம் ஆண்டின் தொடக்கம். டமாஸ்கஸ் நகரத்தை தைமூரின் படை சூழ்ந்து நிற்கிறது. கோட்டைக்குள்ளே இப்னு கல்தூன் இருக்கிறார். தூனிஸில் 1332இல் பிறந்தவர், 68 வயதைத் தாண்டியவர். அவரைக் கயிறு கட்டிக் கோட்டைச் சுவரிலிருந்து வெளியே இறக்கினார்கள். தைமூரின் கூடாரத்துக்குப் போனார். ஏறத்தாழ 35 நாள் அங்கே போய் வந்து பேசியதை அவரே தம் சுய சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

தைமூர் என்ன கேட்டான்? மஃரிப் நாடுகளைப் பற்றிக் கேட்டான். எந்த ஊர் எங்கே இருக்கிறது, மலை எது, ஆறு எது என்று துருவித் துருவிக் கேட்டான். வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடு என்றான். எழுதிக் கொடுத்தார். பழங்கால அரசர்களின் வம்சத்தைப் பற்றி இருவருக்கும் வாதமே நடந்தது. அங்கே இப்னு கல்தூன் தபரீயை ஆதாரம் காட்டினார்.

தைமூர் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அந்த டமாஸ்கஸைக் கொள்ளையிட்டு எரித்தவன் அவன். அவனுக்கே, உலகத்தை அறிய வேண்டுமானால் அறிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. நாட்டைப் பிடிக்க நினைத்தவன் கேட்டான். நாட்டில் கண்ணியத்தோடு வாழ நினைக்கும் நாம் கேட்க வேண்டாமா?

அந்த இப்னு கல்தூன் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இன்னும் பெரியது. 1377இல் எழுதிய 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே, சரித்திரம் எழுதியவர்கள் எப்படியெல்லாம் ஏமாந்தார்கள் என்று பட்டியல் போடுகிறார். நபி மூஸா (அலை) அவர்களுடன் பாலைவனத்தில் இருந்த படையினர் 6 லட்சத்துக்கும் மேல் என்று மஸ்ஊதீ போன்றவர்கள் எழுதியதை எடுத்து வைத்து, அத்தனை பேரை நிறுத்த இடம் எங்கே, சில தலைமுறைகளில் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகுமா என்று கணக்குக் கேட்கிறார். முன்னோர் எழுதிவிட்டார்கள் என்பதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

அதே இப்னு கல்தூன், அதே முகத்திமாவில், பாரசீகத்தை வென்றபோது கிடைத்த நூல்களைத் தண்ணீரில் எறியும்படி உமர் (ரலி) எழுதியதாக ஒரு செய்தியை, அறிவிப்பாளர் தொடர் எதுவும் தராமல் எழுதியிருக்கிறார். அலெக்ஸாண்டிரியா கதையின் அதே வாதம், ஊர் மட்டும் வேறு! ஆகவே இப்னு கல்தூனே சொன்னாலும் கேள்வி கேட்க வேண்டும். அவர் கற்றுக் கொடுத்த தராசில் அவரையும் நிறுக்க வேண்டும். அதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

இமாம் தபரீயும் தம் நூலின் முகவுரையில், தமக்கு அறிவிக்கப்பட்டதை அறிவிக்கப்பட்டபடியே தந்திருப்பதாகவும், அதில் மனம் ஒப்பாத செய்தி இருந்தால் அதன் பொறுப்பு அறிவித்தவர்களைச் சாரும் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார். செய்தி வந்தால் விசாரி என்று சொன்ன மார்க்கத்தில், அறிவிப்பாளர்களின் நம்பகத்தன்மையை ஆராயத் தனிக் கலையே வளர்த்த சமுதாயத்தில் பிறந்துவிட்டு, தபரீயில் இருக்கிறது என்ற ஒரு வார்த்தையோடு விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா?

கேட்பது எப்படி?

உங்கள் ஊருக்கு அருகில் கல்லூரி இருக்கும். அங்கே வரலாற்றுத் துறை இருக்கும். அதில் வாழ்நாளெல்லாம் படித்த ஒரு பேராசிரியர் இருப்பார். பெரும்பாலும் அவரைத் தேடி எவரும் வருவதில்லை. போய் ஸலாமோ வணக்கமோ சொல்லி உட்காருங்கள். ஆனால் இந்த ஒழுங்குகளோடு போங்கள்.

ஒன்று, பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நம் பெருமைக்குக் கையெழுத்து வாங்கவோ, அவரை மடக்கவோ போவது கேட்பது ஆகாது.

இரண்டு, 'இது உண்மையா?' என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று பணிவோடு கேளுங்கள். நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்வியை விடப் பிடித்த கேள்வி கிடையாது. முதலில் எழுதியவர் யார், அவருக்கும் சம்பவத்துக்கும் எத்தனை ஆண்டு தூரம், எதிர்த் தரப்பின் ஏடு என்ன சொல்கிறது என்று அவர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார்.

மூன்று, எண்ணிக்கை வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்தவரை எண்ணால் ஏமாற்றக் கூடாது.

நான்கு, 'உங்களோடு மாறுபடும் ஆய்வாளர் யார்?' என்று கேளுங்கள். பெயர் சொன்னால் அவரையும் படியுங்கள். ஒரு தரப்பு வாக்குமூலத்தை வைத்து நம் ஜமாஅத்தில் பஞ்சாயத்துக் கூடத் தீர்ப்பதில்லையே!

ஐந்து, 'தெரியாது' என்று அவர் சொன்னால் மதியுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னவர்கள். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருப்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வெளியூர் அறிஞரை நேரில் பார்க்க முடியாதே என்பீர்கள். நூலைத் திறந்தால் அவர் பேசுகிறார். பென்சிலை எடுத்து ஓரத்தில் உங்கள் கேள்வியை எழுதினால் நீங்கள் பேசுகிறீர்கள். நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் ஓர் அத்தியாயம் படித்தால் அது ஒரு மஜ்லிஸ்.

பழைய கடிதங்களின் மதிப்பு

சரித்திர ஆசிரியரிடம் நாம் கேட்பது மட்டுமல்ல, அவரும் நம்மிடம் கேட்பார். 'உங்கள் பாட்டனார் காலத்துக் கணக்கு ஏடு இருக்கிறதா? கடிதங்கள் இருக்கின்றனவா?' என்று கேட்பார். அப்போது என்ன சொல்வோம்?

அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எகிப்தில் நிறுவிய நகரம் ஃபுஸ்தாத். இன்றைய கெய்ரோவின் பழைய பகுதி. அங்கே பென் எஸ்ரா என்ற யூதர் ஆலயத்தில் ஓர் அறை. இறைவன் பெயர் எழுதிய காகிதத்தைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நம் வழக்கமும் அதுதான். ஆகவே பழைய காகிதங்களை எல்லாம் அந்த அறையில் போட்டு வைத்தார்கள். 1896-97இல் அவற்றில் பெரும் பகுதி கேம்பிரிட்ஜுக்குப் போனது. எடுத்து எண்ணியபோது சில லட்சம் துண்டுகள்! வேத ஏடுகளோடு வியாபாரிகளின் கடிதம், கணக்கு, கடன் பத்திரம், சரக்குப் பட்டியல் எல்லாம் இருந்தன.

கோய்டைன் என்ற அறிஞர் அந்தத் துண்டுகளோடு பல பத்தாண்டுகள் உட்கார்ந்தார். 1967 முதல் பல பாகங்களாக ஒரு பெரும் நூல் வெளிவந்தது. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் யூதரும் முஸ்லிமும் கூட்டுச் சேர்ந்து வியாபாரம் செய்ததும், கப்பல் கவிழ்ந்தால் எப்படி நஷ்டத்தைப் பங்கிட்டார்கள் என்பதும் அந்த மக்களின் சொந்தக் கையெழுத்திலேயே உலகத்துக்குத் தெரிய வந்தது. ஆபிரஹாம் பென் யிஜு என்ற யூத வியாபாரி தூனிஸ் நாட்டுக்காரர். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் தங்கி, மிளகும் பாக்கும் இரும்பும் ஏற்றுமதி செய்தார். பித்தளை, வெண்கலப் பட்டறையும் வைத்திருந்தார். இன்று அவருடைய சரக்குப் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. அவர் மன்னரா? தளபதியா? உங்களைப் போல ஒரு கடைக்காரர்!

நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் நம் முன்னோர்கள் கப்பல் ஏறினார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். அரபுத் தமிழில் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். 786 என்று தலைப்பிட்டுச் சிட்டையும் பேரேடும் எழுதினார்கள். அவை எங்கே? வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. கரையான் தின்றது போக மிச்சம் கிணற்றில் போயிற்று. பிறகு, 'எங்கள் சரித்திரத்தை எவரும் எழுதவில்லை' என்று மேடையில் புலம்புகிறோம். ஏட்டை எடைக்குப் போட்டது யார்? எழுத வந்தவரிடம் கொடுக்க நம் கையில் என்ன மிச்சம் இருக்கிறது?

செய்ய வேண்டியது

பேசிக் கலைவதற்காக இதை எழுதவில்லை. ஒவ்வொரு ஊரிலும் மூன்று காரியங்களை இந்த ஆண்டே தொடங்கலாம்.

முதல் காரியம், மீலாது மேடை, கல்வி விழா மேடைகளில் ஒன்றிலாவது ஒரு சரித்திரப் பேராசிரியரை அழைத்து, அவரைப் பேச விடுங்கள். அரை மணி நேரம் பேச்சு, ஒரு மணி நேரம் கேள்வி பதில். அவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. நமக்குக் கசக்கும் ஒன்றை அவர் சொன்னால் மைக்கைப் பிடுங்காதீர்கள். ஆதாரம் கேளுங்கள்.

இரண்டாம் காரியம், வியாபாரப் பெருமக்கள் பொறுப்பு. டாக்டருக்கும் என்ஜினீயருக்கும் உதவித்தொகை கொடுக்கிறீர்கள், அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. வரலாறு படிக்க விரும்பும் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ ஊருக்கு ஓர் உதவித்தொகை கொடுங்கள். அரபியும் பாரசீகமும் தெரிந்த மத்ரஸாப் பிள்ளை ஒருவர் வரலாற்றில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினால், அந்த மூல நூல்களைப் பிறர் மொழிபெயர்த்துச் சொல்லக் காத்திருக்க வேண்டிய நிலை நமக்கு இருக்காது.

மூன்றாம் காரியம், உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய ஏடுகளை எடைக்குப் போடாதீர்கள். இன்றைக்கே இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். கையிலிருக்கும் செல்போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இளைஞனே! நாளை உன் செல்போனுக்கு ஒரு சரித்திரச் செய்தி வரும். அது உன்னைக் கோபப்படுத்தலாம், குளிர வைக்கலாம். விரலை அடுத்தவருக்கு அனுப்பும் பொத்தானுக்குக் கொண்டு போகும் முன் நிறுத்து. யார் சொன்னது? எப்போது சொன்னது? எதை வைத்துச் சொன்னது? பதில் தெரியாவிட்டால் அனுப்பாதே. தெரிந்தவரைத் தேடிப் போ. அலெக்ஸாண்டிரியா கதையை எழுதிவைத்த அந்த முஸ்லிம் எழுத்தாளர்கள் இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால், இன்று நாம் இத்தனை பக்கம் மறுப்பு எழுத வேண்டி வந்திருக்காது.